சுருட்டை முடி: குளித்த அன்று அழகு, மறுநாள் பரட்டை. நடு நாட்களை எப்படி ஓட்டுவது?

நீங்கள் கேட்டிருப்பது இது: தலைக்குக் குளித்த அன்று சுருள்கள் அழகாக விழுகின்றன. மறுநாள் எழுந்து பார்த்தால் ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் பரட்டையாக நிற்கிறது. தினமும் அலசினால் முடி வைக்கோல் மாதிரி ஆகிறது, அலசாமல் விட்டால் உச்சந்தலை பிசுபிசுக்கிறது. வாரத்துக்கு எத்தனை முறை அலசுவது, நடுவில் இருக்கும் நாட்களை எப்படிச் சமாளிப்பது, இல்லை பேசாமல் ஒட்ட வெட்டிவிடலாமா?

வெட்டுகிற பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். எனக்கும் சுருட்டை முடிதான். ஆனால் இருபத்தைந்து வயது வரை அது சுருட்டை என்பதே எனக்குத் தெரியாது. அடங்காத முடி என்றுதான் நினைத்திருந்தேன். தினமும் காலையில் காய்ந்த தலையில் சீப்பை விட்டு வாருவேன். சுருள் ஒவ்வொன்றும் நூறு இழையாகப் பிரிந்து பஞ்சு மாதிரி எழும்பும். அதை அடக்க எண்ணெய், எண்ணெயைப் போக்க ஷாம்பு, ஷாம்புவால் வறட்சி, மறுபடி எண்ணெய். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர எனக்குச் சில வருடங்கள் ஆயின.

இரண்டாம் நாள் முடி மோசமாக இருக்கிறது என்றால் எல்லோரும் இரண்டாம் நாள் காலையில் என்ன தடவலாம் என்று தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் தேடினேன். ஆனால் முதல் நாள் முடி ஈரமாக இருக்கும் அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் அடுத்த மூன்று நாட்களும் அடங்கியிருக்கின்றன. ஏன் என்பதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் வடிவத்தைப் பிடித்துவைத்திருக்கும் பிணைப்புகளில் இரண்டு நமக்கு முக்கியம். ஒன்று, கந்தக அணுக்களுக்கு இடையிலான டைசல்ஃபைடு பிணைப்பு. இது வலுவானது, தண்ணீருக்கு அசையாது. ரசாயனம் போட்டு முடியை நேராக்கும்போதும் சுருட்டும்போதும் உடைப்பது பெரும்பாலும் இதைத்தான். இன்னொன்று, ஹைட்ரஜன் பிணைப்பு. முடி நனைந்தவுடன் இவை விட்டுப்போகும், காயும்போது மறுபடி சேரும். காயும் நேரத்தில் முடி எந்த வடிவத்தில் இருந்ததோ அந்த வடிவத்திலேயே சேரும். சுருள்கள் கொத்துக் கொத்தாக இருக்கும்போது காய்ந்தால் கொத்தாகவே நிற்கும். துண்டால் பரபரவென்று தேய்த்துக் கலைத்த நிலையில் காய்ந்தால் கலைந்தே நிற்கும். ஈரக் காற்று அடித்தால் பரட்டையாவதும் இதே கணக்குதான். காற்றிலிருக்கும் ஈரம் சில பிணைப்புகளை அவிழ்த்துவிடுகிறது, ஒவ்வோர் இழையும் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்கிறது.

அடுத்து, உங்கள் உச்சந்தலை பிசுபிசுப்பதும் நுனி வறள்வதும் ஒரே விஷயத்தின் இரண்டு முனைகள். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் சுலபமாக வழிந்து இறங்கிவிடும். சுருட்டை முடியில் அது ஒவ்வொரு வளைவையும் சுற்றிக்கொண்டு போக வேண்டும், பாதி வழியில் நின்றுவிடும். மேலே தேங்கல், கீழே வறட்சி. அதனால் தலையை இரண்டு இடமாகப் பிரித்துப் பாருங்கள். உச்சந்தலை என்பது தோல், அதற்கு வியர்வையும் எண்ணெயும் அழுக்கும் உண்டு, அதைக் கழுவ வேண்டும். முடியின் நீளம் என்பது உயிரில்லாத நார், அதை உராயாமல் காப்பாற்ற வேண்டும். ஷாம்பு தோலுக்கு. கண்டிஷனர் நாருக்கு. இந்தப் பிரிவினையை விட்டுவிட்டு உச்சி முதல் நுனி வரை ஷாம்புவைப் போட்டுத் துணி துவைப்பது மாதிரி கசக்குவதால்தான் வைக்கோல்.

எத்தனை முறை என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் எண் ஒன்றைச் சொல்பவரை நம்ப வேண்டாம். மெல்லிய முடி, எண்ணெய்ப்பசையுள்ள தலைத்தோல், தினமும் வியர்க்கிற வேலை என்றால் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை தேவைப்படும். நெருக்கமான, அடர்ந்த சுருளுக்கு வாரம் ஒருமுறையே போதுமானதாக இருக்கும். அரிப்பு, செதில், வாடை மூன்றில் ஒன்று தலைகாட்டினாலும் அலசுகிற நாள் தாண்டிவிட்டது என்று அர்த்தம். முடி எப்படி இருக்கிறது என்று கண்ணாடியைப் பார்த்து முடிவு செய்யாமல், விரல் நுனியால் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஷாம்புவே வேண்டாம், கண்டிஷனரால் மட்டும் அலசலாம் என்றொரு யோசனை சுருட்டை முடிக்காரர்களிடம் சுற்றிக்கொண்டே இருக்கும். நான்கு மாதம் செய்து பார்த்தேன். முதல் மாதம் முடி பட்டு மாதிரி இருந்தது, நானே நாலு பேருக்குச் சிபாரிசு செய்தேன். மூன்றாம் மாதம் தலை அரிக்க ஆரம்பித்தது, தோளில் செதில் விழுந்தது. எல்லோர் தலைத்தோலிலும் மலசீசியா என்ற ஈஸ்ட் இருக்கிறது. தலையின் எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு. அதைக் கழுவாமல் குவியவிட்டால் அதற்குக் கொண்டாட்டம், நமக்குப் பொடுகு. எனக்கு அந்தப் பொடுகு நீங்க, ஈஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் கீட்டோகோனசோல் என்ற மருந்து உள்ள ஷாம்புவைச் சில வாரம் போட வேண்டியிருந்தது. அந்த வகை மருந்து ஷாம்புவைத் தலைத்தோலில் மூன்று முதல் ஐந்து நிமிடம் வைத்திருந்தால்தான் வேலை செய்யும். உடனே அலசிவிட்டுப் பலனில்லை என்பவர்கள் நிறைய. மருந்து ஷாம்பு முடியை வறளவைக்குமே என்ற பயம் வேண்டாம், தோலில் மட்டும் போடுங்கள், நீளத்துக்கு வழக்கம்போல் கண்டிஷனர்.

சல்ஃபேட், சிலிகோன் என்று ஆளாளுக்குப் பயமுறுத்துவார்கள். சோடியம் லாரில் சல்ஃபேட் எண்ணெயை நன்றாகவே உரித்தெடுக்கும், வறண்ட சுருட்டைக்கு அது அடிக்கடி தேவையில்லை என்பது உண்மை. அதற்காக அது விஷம் என்றாகிவிடாது. கோகமிடோபுரோபில் பீட்டைன் போன்றவை இன்னும் மென்மையாகக் கழுவும், வாங்கும்போது லேபிளில் பாருங்கள். டைமெதிகோன் என்ற சிலிகோன் இழையின் மேல் வழவழப்பான பூச்சாகப் படிந்து உராய்வைக் குறைக்கிறது. வெறும் தண்ணீரில் போகாது, ஷாம்பு போட்டால் போகும். முடி தட்டையாக, கனமாகத் தோன்றினால் ஒருமுறை நன்றாக நுரைக்கும் ஷாம்பு போட்டு அலசினால் சரி. லேபிளில் செட்டைல் ஆல்கஹால் என்று பார்த்துப் பதற வேண்டாம், அது மெழுகு போன்ற பொருள், முடியை மிருதுவாக்கும். உலர்த்துவது, சட்டென்று ஆவியாகும் டீனேச்சர்ட் ஆல்கஹால். சமையல் சோடாவைக் கரைத்துத் தலையில் ஊற்றும் வைத்தியத்தை மட்டும் கண்டிப்பாக விட்டுவிடுங்கள். தலைத்தோலின் பிஹெச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, ஏறக்குறைய 5.5 (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்). சோடாக் கரைசல் 8-ஐத் தாண்டும். அதில் முடியின் மேல்செதில்கள் விரிந்து ஒன்றையொன்று பிறாண்டும்.

சரி, அலசுகிற நாள். தலையை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நிமிடமாவது நன்றாக நனையவிடுங்கள். அடர்ந்த சுருட்டையில் மேலே சொட்டச் சொட்ட இருக்கும், உள்ளே காய்ந்தே கிடக்கும். ஷாம்புவை உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் கரைத்து, விரல் நுனியால் தோலில் மட்டும் தேயுங்கள். நகம் வேண்டாம். நீளத்தைக் கசக்கவே வேண்டாம், அலசும்போது வழிந்து போகும் நுரையே அதற்குப் போதும்.

அப்புறம் கண்டிஷனர், தாராளமாக, காது மட்டத்திலிருந்து நுனி வரை. சேதமான முடியில் எதிர் மின்னூட்டம் கூடுதல், கண்டிஷனரின் மூலக்கூறுகள் நேர் மின்னூட்டம் கொண்டவை. அதனால் எங்கே சேதமோ அங்கேதான் அவை போய் அதிகம் ஒட்டும். இந்த வழவழப்பு இருக்கும்போதுதான் சிக்கெடுக்க வேண்டும். முதலில் விரலால், அப்புறம் அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே. சீப்பு மாட்டினால் இழுக்காதீர்கள். முடிச்சுக்கு மேலே முடியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, முடிச்சின் அடியிலிருந்து பிரியுங்கள், வேரில் வலி தெரியாது. வாரம் முழுவதும் சீப்பு படும் நேரம் இது ஒன்றுதான்.

இந்த இடத்தில் கையில் திரளும் முடியைப் பார்த்துப் பலர் அழுதேவிடுவார்கள். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. நேரான முடி அங்கங்கே விழுந்துவிடும். சுருளில் உதிர்ந்த முடி மற்ற சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நிற்கும். நான்கு நாளைக்கு ஒருமுறை சிக்கெடுத்தால் 200 முதல் 400 முடி ஒரே தடவையில் கைக்கு வரும். அது எலுமிச்சம்பழ அளவு உருண்டையாக இருப்பதில் ஆச்சரியமில்லை. வகிடு அகலமாவது, ஓரிடம் வழுக்கையாவது போன்றவை தெரிந்தால் அது வேறு கதை, தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

சிக்கெடுத்ததும் கண்டிஷனர் போட்ட முடியின் மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டு, தலையைக் குனிந்து, நுனியிலிருந்து உச்சியை நோக்கி உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். "சளக், சளக்" என்று ஒரு சத்தம் வரும், சேற்றில் நடக்கிற மாதிரி. அந்தச் சத்தம் வரும் வரை தண்ணீர் போதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக இருந்த இழைகள் பாசி மாதிரி கொத்தாகச் சேர்வது கண்ணுக்கே தெரியும். இந்தக் கொத்துகள்தான் நமக்கு வேண்டியவை. இனி தலையைத் துவட்டி இவற்றைக் கலைக்கக் கூடாது.

லேசாக அலசிவிட்டு, தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும்போதே ஜெல் தடவுங்கள். நான் பல வருடம் செய்த தவறு, துண்டில் பாதி காயவைத்துவிட்டு ஜெல் போட்டது. அதற்குள் கொத்துகள் பிரிந்துவிட்டிருக்கும், ஜெல் பரட்டையையே உறையவைக்கும். இரண்டு உள்ளங்கையிலும் ஜெல்லைப் பரப்பி, முடியைக் கைகளுக்கு நடுவே வைத்து மேலிருந்து கீழே வழித்துவிட்டு, பிறகு கீழிருந்து மேலே அமுக்குங்கள். மிச்சத் தண்ணீரைப் பழைய பருத்தி டி-ஷர்ட்டால் ஒற்றி எடுங்கள். துண்டின் சின்னச் சின்ன நூல் வளையங்கள் இழைகளைக் கொக்கி போட்டு இழுக்கும், டி-ஷர்ட் இழுக்காது. அதற்குப் பிறகு முழுக்கக் காயும் வரை கை வைக்கக் கூடாது. சொல்லச் சுலபம், எனக்கு இன்றும் கை துறுதுறுக்கும். அவசரமென்றால் டிரையரில் டிஃப்யூசர் (காற்றைப் பரவலாக விடும் கிண்ணம் போன்ற முனை) மாட்டி, குறைந்த சூட்டில், காற்றின் வேகத்தையும் குறைத்து உலர்த்தலாம்.

காய்ந்ததும் தொட்டால் முடி அப்பளம் மாதிரி விறைப்பாக இருக்கும். ஜெல் கெட்டது என்று நினைத்துத்தான் நான் முதல் டப்பாவைத் தூக்கிப் போட்டேன். அந்த விறைப்பு ஓர் ஓடு, காயும் வரை சுருளைக் கலையாமல் பிடித்துவைத்திருக்கும் அச்சு. முழுக்கக் காய்ந்த பிறகு, கையில் ஒரே ஒரு சொட்டு எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு முடியைக் கசக்கினால் ஓடு நொறுங்கி மிருதுவான சுருள் வெளியே வரும். அவசரமாக வெளியே போகவில்லை என்றால் அன்று ஓட்டை உடைக்காமல் அப்படியே விடுங்கள். மறுநாள் காலையில் உடைத்தால் இன்னொரு நாள் சேர்த்துக் கிடைக்கும்.

இரவுதான் சுருளுக்கு வில்லன். பருத்தி உறை முடியை உரசும், ஆறேழு மணி நேரம் புரண்டு படுத்தால் கொத்து எங்கே தங்கும்? சாட்டின் அல்லது பட்டுத் தலையணை உறை ஒன்று போதும். இல்லாவிட்டால் அதே வழவழப்பில் ஒரு துணியைத் தலையில் கட்டிக்கொள்ளலாம். முடி தோளைத் தொடும் நீளமாக இருந்தால் குனிந்து மொத்தத்தையும் உச்சிக்குத் திரட்டி, துணி சுற்றிய ரப்பர் பேண்டால் ஒரே ஒரு சுற்று, தளர்வாகப் போடுங்கள். அன்னாசிப்பழத்தின் கொண்டை மாதிரி நெற்றிக்கு மேல் நிற்கும். சிரிப்பாகத்தான் இருக்கும், பரவாயில்லை. இறுக்கிக் கட்டினால் காலையில் பட்டையான தழும்பு விழுவது ஒருபுறம், தொடர்ந்து இறுக்கினால் நெற்றியோர முடியே வேரோடு போய்விடும். ஈரத்தலையோடு படுக்க வேண்டாம். படுத்த வடிவத்திலேயே காயும், நனைந்த இழை உராய்வில் சீக்கிரம் சேதமும் ஆகும்.

காலையில் கொண்டையை அவிழ்த்ததும் பயந்து போகாதீர்கள், சுருள்கள் கூரை மாதிரி மேலே நிற்கும். விரல்களை வேர்ப் பக்கம் நுழைத்து லேசாக உதறிவிட்டு, பல் தேய்க்கப் போங்கள். ஐந்து நிமிடத்தில் பாதி தானாக இறங்கிவிடும். அதற்குப் பிறகும் எது கெட்டிருக்கிறதோ அதை மட்டும் கவனியுங்கள். பொதுவாக முகத்தையொட்டிய இரண்டு மூன்று சுருளும் பின்கழுத்துப் பகுதியும்தான் கெட்டிருக்கும். முழுத்தலையிலும் தண்ணீர் தெளிப்பது பெரிய தப்பு. நன்றாக இருந்த சுருளின் பிணைப்பையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறீர்கள்.

ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, கெட்டுப்போன அந்த ஒரு கொத்தை மட்டும் நனையுங்கள். பனி மாதிரி தூவினால் போதாது, அது ஈரக் காற்று செய்வதையே செய்து பரட்டையைக் கூட்டும். தொட்டால் விரல் நனைய வேண்டும். விரல் நுனியில் மிளகளவு கண்டிஷனரோ ஜெல்லோ எடுத்து அந்தக் கொத்தில் வழித்து, அது இயல்பாகத் திரும்பும் திசையிலேயே ஆள்காட்டி விரலில் சுற்றி, சில நொடி பிடித்து, இழுக்காமல் விரலை உருவிக்கொள்ளுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் காய்ந்ததும் பிரிந்துவிடும். எனக்கு மொத்தமே ஏழெட்டு நிமிடம் ஆகிறது. கண்டிஷனரைத் தண்ணீரில் கரைத்தே பாட்டிலில் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அப்படியானால் இரண்டு, மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் கரையுங்கள். தண்ணீர் சேர்ந்ததும் அதிலிருக்கும் கெடாமல் காக்கும் பொருளும் நீர்த்துப்போகும், கிருமி வளரும்.

மூன்றாம் நாள் வேர் மட்டும் எண்ணெயாக இருந்தால் ட்ரை ஷாம்பு கொஞ்சம் தெளிக்கலாம். அது எண்ணெயை உறிஞ்சும், கழுவாது, எனவே நாள்கணக்கில் அதன் மேலேயே அடுக்கக் கூடாது. உடற்பயிற்சி செய்து வியர்த்தால் ஒவ்வொரு முறையும் ஷாம்பு வேண்டாம். வியர்வை உப்பும் தண்ணீரும்தான், தலைத்தோலை வெறும் தண்ணீரில் அலசி, நீளத்தில் கண்டிஷனர் போட்டு விடலாம். நீச்சல் குளத்துக்குப் போவதாக இருந்தால் இறங்கும் முன்பே நல்ல தண்ணீரில் முடியை நனைத்துவிடுங்கள். ஏற்கெனவே தண்ணீர் குடித்த முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகத்தான் இழுக்கும்.

எண்ணெய் ஈரப்பதம் தரும் என்பது பலரும் நம்பும் விஷயம். எண்ணெயில் தண்ணீரே இல்லை, இருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் பிடித்துவைக்கும், உராய்வைக் குறைக்கும், அவ்வளவுதான். காய்ந்த பரட்டை முடியில் எண்ணெயைத் தடவினால் எண்ணெய் தடவிய பரட்டைதான் கிடைக்கும். எண்ணெய்க்குச் சரியான நேரம் அலசுவதற்கு முன்பு. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான், அது இழைக்குள் ஊடுருவக்கூடியது. நீளத்தில் தடவிச் சில மணி நேரம் விட்டு அலசுங்கள். பொடுகு இருந்தால் தலைத்தோலில் எண்ணெய் வேண்டாம், மேலே சொன்ன ஈஸ்ட்டுக்கு நீங்களே விருந்து வைப்பதாகும்.

எல்லாம் சரியாகச் செய்தும் முடி சொரசொரவென்று, மங்கலாக இருந்தால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்லும் கடினநீரில் கால்சியமும் மக்னீசியமும் இருக்கும், அவை முடியில் படியும். இந்த உப்புகளைப் பிடித்து இழுக்கும் இடிடிஏ என்ற பொருள் சேர்த்த ஷாம்புவை மாதம் ஒன்றிரண்டு முறை பயன்படுத்தினால் அந்தப் படிவு இறங்கும்.

இனி வெட்டுகிற விஷயம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். உங்கள் முடி 30 செ.மீ. நீளமென்றால் அதன் நுனிக்கு வயது இரண்டரை. இத்தனை நாள் காய்ந்த தலையில் சீப்பு போட்டதெல்லாம் அங்கே பதிந்திருக்கிறது, எந்தக் கண்டிஷனரும் அதை ஒட்டவைக்காது. எனவே நுனியை மட்டும் எடுங்கள், நான்கைந்து சென்டிமீட்டர். ஒட்ட வெட்டிக்கொண்டாலும் வேர்க்கால் வளைந்திருக்கும் வரை வளர்வது சுருட்டையாகத்தான் வளரும், ஆறு மாதத்தில் இதே கேள்வியோடு நிற்பீர்கள். வெட்டுபவரிடம் காய்ந்த நிலையில், சுருள் விழுந்திருக்கும்போதே வெட்டச் சொல்லுங்கள். நனைத்து நீட்டி வெட்டினால் காய்ந்ததும் எவ்வளவு மேலே ஏறும் என்பது அவருக்கும் தெரியாது. ஒருமுறை தோள் வரை என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன், ஈரத்தில் தோள் வரைதான் இருந்தது, வீட்டுக்கு வந்து காய்ந்தபோது காதுக்கு மேலே நின்றது. கனம் குறைக்கிறேன் என்று பல்வைத்த கத்தரிக்கோலை எடுத்தால் வேண்டாம் என்று உடனே சொல்லிவிடுங்கள். அது கொத்துக்குள் குட்டை இழைகளை உண்டாக்கும், அவை வளர்ந்து மற்றவற்றோடு சேரும் வரை பரட்டை கூடவே இருக்கும். என் தலையில் அது சேர ஒன்றே கால் வருடம் ஆனது.